சட்டைத் துரை

சுற்றுலா போனால் உடம்புக்கு ஓய்வு என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் லாண்டரிக்காரர் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். இருட்டு பிரிவதற்குள் எழுப்பி, பஸ்ஸில் போட்டுக் குலுக்கி, இந்தக் கடற்கரை நகரத்தில் கொண்டுவந்து இறக்கி, கலங்கரை விளக்கம், பழைய கோட்டை, மீன் சந்தை என்று வெயிலில் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஆயுள் முழுக்க இஸ்திரி மேஜை முன்னால் நின்ற கால்கள்தான். ஆனால் நிற்கிற கால் வேறு, நடக்கிற கால் வேறு என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் மகள் செய்த வேலை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அம்மாவை ஒரு இடத்துக்காவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களாப்பா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக் கையில் திணித்துவிட்டாள். அவளுக்கு அது கடல் இருக்கிற ஊர், அவ்வளவுதான். டிக்கெட்டில் ஊரின் பெயரைப் பார்த்ததும் லாண்டரிக்காரர் மெதுவாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் டிக்கெட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்துவிட்டு, "போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே தம்பி இந்த ஊருக்குத்தான் வந்தான். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. வந்தவன் வீடு திரும்பவில்லை. இங்கே வரும்போது அவன் போட்டிருந்தது அவனுடைய சட்டையும் இல்லை.

அதைச் சொல்ல வேண்டுமானால் லாண்டரித் தொழிலின் அந்தரங்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலவைக்கு வந்த துணியை ஒருநாள் இரவல் கொடுப்பது என்பது எல்லா லாண்டரியிலும் நடப்பது, எந்த லாண்டரிக்காரனும் ஒப்புக்கொள்ளாதது. பெண் பார்க்கப் போகிறவன், போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவன், பெரிய மனிதரிடம் சிபாரிசு கேட்கப் போகிறவன் எல்லாரும் கடையின் பின்வாசலில் வந்து தலையைச் சொறிவார்கள். நம்மவரும் கொடுத்திருக்கிறார். அவர் டவுனில் இரண்டு கல்யாணம் ஒரே டாக்டரின் கோட்டில் நிச்சயமானது. ஆனால் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக்காரர் இரண்டு மூன்று நாளைக்கு வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த துணியைத்தான் தொடுவார்.

மனைவிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏது? கடையில் அவர் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி வந்து, "அக்கா, என் சட்டையைப் பாரு. இதோட போனா வாட்ச்மேனே உள்ள விடமாட்டான்" என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அடுக்கில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. ரேடியோக்கடை முதலாளியுடையது. மறுநாள் காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர்.

அவரும் சொன்னபடி வந்தார். நடுத்தெருவில் நின்று அவர் கத்திய கத்தலில் அந்தப் பக்கம் போன சைக்கிள்கூட நின்றது. "என் சட்டையை எவன் முதுகுலய்யா மாட்டி அனுப்பின?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பாதி வாடிக்கைக்காரர்கள் தங்கள் துணியைத் துவைத்தும் துவைக்காமலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடை மறுபடி தலையெடுக்க வருஷங்கள் ஆயின. நம்மவரின் மானம் மட்டும் தலையெடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து மச்சினனுக்கு வீட்டில் சொந்தப் பெயர் போய்விட்டது. 'சட்டைத் துரை' என்றுதான் லாண்டரிக்காரர் சொல்வார். சொல்லிச் சொல்லிக் கரித்துக் கொட்டுவார். அதற்கு முன்பே அவன் இரண்டு தடவை வீட்டைவிட்டுக் கம்பி நீட்டியவன். ஒருமுறை ஊருக்கு வந்த சர்க்கஸோடு போய், பத்து நாளில் எலும்பும் தோலுமாகத் திரும்பியிருக்கிறான். எப்போது பார்த்தாலும் கப்பல், வெளிநாடு என்று பேச்சு. அந்த வாரம் இந்த ஊரில் வேலைநிறுத்தம், தகராறு, ஊரடங்கு என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்றும் வந்தது. மாமனார் ஒருமுறை நேரில் வந்து விசாரித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஸ்டேஷனிலும் இல்லை என்று திரும்பினார். பிறகு யாரோ ஒரு லாரி டிரைவர், அந்த மாதிரி ஜாடையில் ஒரு பையன் கப்பலில் ஏறியதைப் பார்த்தேன் என்றான். அது போதுமாக இருந்தது அவளுக்கு. தம்பி கப்பலேறிவிட்டான். அத்தானுக்குப் பயந்துகொண்டு கடிதம் போடாமல் இருக்கிறான்.

பல வருஷம் கழித்து ஆட்சி மாறி, விசாரணை நடந்து, இந்த ஊரில் அன்றைக்குச் சுட்டதில் ஆட்கள் செத்தது உண்மைதான் என்று டிவியில் சொன்னபோது அவள் எழுந்துபோய் டிவியை அணைத்தாள். "சோறு ஆறிப்போகுது, வாங்க" என்றாள்.

மாதத்தில் நாலைந்து நாளாவது இது நடக்கும். வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது அவள், "இப்ப எங்க இருக்கானோ" என்பாள். உடனே அவர், "எங்க இருப்பான்? எவன் சட்டைக்குள்ளயாவது இருப்பான், திருட்டுப் பய" என்பார். அந்தப் பதில் வந்ததும் அவள் முகம் தெளிந்துவிடும். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். தம்பியைத் திட்டினால் எவளாவது தெளிவாளா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

சில நாள் வேறு ஒரு கவலை சொல்வாள். "கைப் பொத்தான் விட்டுப்போயிருந்துச்சுங்க. வெள்ளை நூல் கையில அகப்படலை. அவசரத்துல கறுப்பு நூலாலயே தச்சுக் குடுத்துட்டேன். அதைப் பாத்துதான் வேலை இல்லேன்னு சொல்லிட்டாங்களோ என்னவோ."

"ஆமா, பொத்தானைப் பாத்துதான் வேலை குடுக்கிறான். போய்ப் படு" என்பார்.

மணிக்கூண்டுக்கு வந்தபோது பஸ்ஸில் வந்த கூட்டமே வாடி வதங்கியிருந்தது. ஆரஞ்சுக் குடை பிடித்த வழிகாட்டிப் பெண்ணுக்கு மட்டும் குரல் குறையவில்லை. "முதல் துப்பாக்கிச்சூடு இங்கதான் நடந்துச்சு. சுவத்துல ஓட்டை இருக்கு பாருங்க, அதெல்லாம் அன்னைக்குப் பட்டதுதான்" என்றாள். கூடவே வந்த ஒரு இளம் ஜோடி அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டது. லாண்டரிக்காரருக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

மனைவி காலையிலிருந்தே ஊரைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தாள். மீன் சந்தையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கூடையை இறக்கியபோது, அவன் நிமிர்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள். இப்போது அவள் அவர் பக்கத்தில் வந்து, "இதெல்லாம் அவன் கப்பல் ஏறினதுக்கு அப்புறம் நடந்திருக்கும், இல்லைங்க?" என்றாள்.

"பின்ன? துரை சத்தம் கேட்டா நிக்கிற ஆளா? கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி ஓடியிருப்பான். போட்டிருந்தது ஊரான் சட்டைதானே, கசங்கினா அவனுக்கென்ன?"

"அதானே" என்றாள் அவள். அப்புறம்தான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

கடைசி இடம் துறைமுகத்தை ஒட்டிய பழைய சரக்குக் கிடங்கு. இப்போது அதற்கு வெள்ளையடித்து நினைவகம் ஆக்கியிருந்தார்கள். வாசலில் ஒரு மரம், மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு, எதிரே கடல். அவள் பெஞ்சைக் கண்டதும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. என்னால மாடியெல்லாம் ஏற முடியாது. நான் கப்பல் பாத்துட்டு இருக்கேன்."

அவருக்கும் போக மனமில்லை. ஆனால் உள்ளே ஃபேன் சுற்றுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கழிவறையும் இருக்கும். இந்த இரண்டுக்காகத்தான் அவர் அந்த நினைவகத்துக்குள் நுழைந்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

கீழே முழுக்கப் போட்டோக்கள். கழிவறைக்கு வழி மாடியில் என்று அம்புக்குறி போட்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மேலே ஒரு நீளமான அறை, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் துணிகள். சட்டை, பாவாடை, ஒரு பள்ளிக்கூட நிக்கர். இங்கே கொண்டுவரப்பட்ட உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட துணிகள் இவை, உடல்களைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள், துணிகள் பூட்டிய அறையில் கிடந்து பின்னால் கிடைத்தன என்று சுவரில் எழுதியிருந்தது. யாருடையவை என்று தெரிந்தவர்கள் கீழே மேஜையில் சொல்லவும் என்றும் எழுதியிருந்தது.

பழக்க தோஷம், எழுத்தைவிட அவர் கண் துணியில்தான் போயிற்று. இது மட்டத் துணி, கஞ்சி தாங்காது. இது நல்ல பருத்தி, ஆனால் சூடு அதிகம் வைத்துக் கெடுத்திருக்கிறான். இப்படியே பார்த்துக்கொண்டு போனவர் ஒரு பெட்டியின் முன்னால் நின்றார்.

காலரை உள்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு புள்ளி. துணி மாறிப்போகாமல் இருக்க அழியாத மையில் கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் மாற்றிப் போடுகிற சலவைக் குறி. வட்டத்தைத் தொடங்கின இடத்தில் முடிக்காமல் வெளியே ஒரு சின்ன வாலோடு விடுவது அவர் கை. வாத்தியார் சின்ன வயதில் அடித்தும் போகாத பழக்கம். வட்டமும் இரண்டு புள்ளியும் ரேடியோக்கடை முதலாளிக்குப் போட்ட குறி.

நீலக் கோடு மங்கி, இருக்கிறதா இல்லையா என்று ஆகியிருந்தது. அவர் குனிந்து கையைப் பார்த்தார். இடது கைப் பொத்தானில் கறுப்பு நூல். பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, அவசரத்தில் தைத்த தையல்.

பைக்குக் கீழே ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

முதலில் அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? வெந்நீரில் போட்டிருக்கிறார்கள், முட்டாள்கள், என்று தோன்றியது. ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் துணியோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரம்மா வந்தாலும் போகாது. தன்னிடம் வந்திருந்தால் எடுத்திருக்கலாம். இதை நினைத்து முடித்த பிறகுதான், தான் யாருடைய ரத்தத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார். "அத்தான், மீசை வச்சா எனக்கு நல்லாருக்குமா?" என்று இஸ்திரிப்பெட்டியின் பளபளப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் அவன். இருபது வயதுகூட ஆகவில்லை. மறுநாள் காலைக்குள் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று கிளம்பும்போது அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனானாம். அதையும் அவள் சொல்லியிருக்கிறாள். இவர்தான் நம்பவில்லை. திருடன், பொறுக்கி, குடும்பத்தைக் கெடுத்தவன் என்று முப்பது வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அத்தனை நாளும் அவன் கடலுக்கடியில் கிடந்திருக்கிறான். யாரும் பார்க்காததால் கொஞ்சம் அழுதார்.

பிறகு யோசித்தார். சொல்லக்கூடாது. சொல்லி ஆகப்போவது என்ன? அவள் இத்தனை வருஷம் தம்பி எங்கோ இருக்கிறான் என்று இருந்துவிட்டாள், மீதி வருஷமும் அப்படியே போகட்டும். அதுவும் சட்டையைக் கொடுத்து அனுப்பியது அவள் கை. அந்த ஓட்டையை அவள் பார்க்கவேண்டாம். மாடி ஏற முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள், நல்லதாகப் போயிற்று. பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குழாயில் முகத்தைக் கழுவி, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"ஃபேன் இருக்கு."

"ஃபேனுக்கா டிக்கெட்டு?"

"போட்டோவா மாட்டி வச்சிருக்கான். பழைய துணி கொஞ்சம். பாக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இந்த மாதிரி ஒண்ணுலதான் ஏறியிருப்பான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எங்க இருக்கானோ" என்றாள்.

அவருடைய முறை வந்துவிட்டது. சொல்ல வேண்டியது புதிதாக ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எவன் சட்டைக்குள்ளயாவது இருப்பான். வாயைத் திறந்தார். அந்தச் சட்டை கண்முன்னால் வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார்.

"நல்ல பையன்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் கப்பலை விட்டுவிட்டு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். ஈரம் காயாத முகத்தை, சிவந்த கண்ணை, வேட்டி நுனியை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"திட்டுங்க" என்றாள்.

அவர் பஸ் நிற்கிற பக்கம் பார்த்தார்.

"எப்பவும் திட்டுவீங்கல்ல? திட்டுங்க. சட்டைத் துரைன்னு சொல்லுங்க. திருட்டுப் பயன்னு சொல்லுங்க." அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "ஒரே ஒரு தடவை திட்டுங்களேன்."

அப்போதுதான் லாண்டரிக்காரருக்கு விளங்கியது. தான் திட்டத் திட்ட அவள் முகம் ஏன் தெளிந்தது என்று இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. செத்துப்போனவனை யாரும் அப்படித் திட்டமாட்டார்கள். அவர் திட்டும்வரை அவன் இருந்தான்.

"முடியலைம்மா" என்றார்.

அவள் கை முழங்கையிலிருந்து நழுவியது. பஸ் ஹார்ன் அடித்தது. ஆரஞ்சுக் குடை வந்து, எல்லாரும் ஏறியாச்சு, உங்க ரெண்டு பேருக்காகத்தான் நிக்கிறோம் என்றது. அவர், "நீங்க கிளம்புங்கம்மா, நாங்க வேற பஸ் பிடிச்சு வந்துக்கிறோம்" என்றார். அந்தப் பெண் ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல் போய்விட்டாள்.

"கைப் பொத்தான்?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்கு."

"பிரிஞ்சு போகலையே?"

"இல்ல. கறுப்பு நூல் அப்படியே இருக்கு. நல்லாத்தான் தச்சிருக்க."

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து செருப்பைத் தேடி, வீங்கின பாதத்தை உள்ளே திணித்துக்கொண்டு எழுந்தாள். மாடி ஏற முடியாது என்றவள் கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறினாள். அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி எது என்று அவர் காட்டவில்லை. அவளே போய் நின்றாள். கண்ணாடிமேல், அந்தக் கைப் பொத்தானுக்கு நேராக உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்தார்.

கீழே மேஜையில் இருந்த பெண் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் கேட்டாள். பேர் என்ன என்றாள். லாண்டரிக்காரர் மச்சினனின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"சட்டை அவரோடதுதானாங்க?"

"இல்லம்மா. எங்க கடைக்குச் சலவைக்கு வந்தது. இரவல்."

"யார் குடுத்தது? விவரமா எழுதணும், அதான் கேக்கிறேன்."

சொல்வதற்காக மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றார். "இன்டர்வியூவுக்குப் போறான், நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போகட்டுமேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."